எல்டிஓ டேப்பில் எந்த வடிவத்தில் எழுதுவது? எல்டிஎஃப்எஸ், டார், பேக்கப் மென்பொருள்: ஓர் ஒப்பீடு

எல்டிஓ (கார்ட்ரிட்ஜில் வரும் காந்த நாடாச் சேமிப்பு) டிரைவ் வாங்கப் போகிறவர்கள் எட்டாம் தலைமுறையா, ஒன்பதாம் தலைமுறையா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டிரைவ் வந்து இறங்கி, கேபிளை மாட்டி, முதல் கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளிய பிறகு அதில் எந்த வடிவத்தில் எழுதுவது என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. டிரைவைச் சில வருடங்களில் மாற்றிவிடுவீர்கள். எழுதிய வடிவமோ டேப் இருக்கும்வரை கூடவே வரும்.

சில பத்து டெராபைட் தரவை நீண்ட காலம் காப்பாற்ற வேண்டியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்: படப்பிடிப்புக் காட்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் எடிட்டிங் கூடம், பழைய நூல்களை ஸ்கேன் செய்யும் நூலகம், ஆய்வுத் தரவு குவிந்து கிடக்கும் கல்லூரித் துறை. இந்தக் காலத்தில் டேப் எதற்கு என்ற விவாதத்துக்குள் போகவில்லை. 2011 பிப்ரவரியில் சேமிப்பக மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த ஒரு பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் மறைந்தன. பல டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களும் சேர்ந்தே போயின. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். இணைப்பில் இல்லாத நகலை மென்பொருள் பிழையோ ரான்சம்வேரோ தொட முடியாது.

டேப்பின் குணம்

எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது அரை அங்குல அகலமும் 960 மீட்டர் நீளமும் கொண்ட நாடா. அதில் 6,656 தடங்கள். எழுதும் தலை ஒரே நேரத்தில் 32 தடங்களில் எழுதும். நாடாவின் முனை வந்ததும் சற்றே நகர்ந்து எதிர்த்திசையில் எழுதிக்கொண்டு திரும்பும். ஏர் உழும் மாடு வரப்பு வரை போய்த் திரும்புவதைப் போல 208 நடை போனால் 12 டெராபைட் நிரம்பும்.

இந்த அமைப்பிலிருந்தே எல்லாச் சிக்கல்களும் பிறக்கின்றன. நடுவில் இருக்கும் ஒரு கோப்பை மட்டும் திருத்தி எழுத வழியில்லை. கடைசியில் சேர்க்கத்தான் முடியும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக நாடா ஓட வேண்டும், அதற்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். இவற்றைவிட முக்கியமானது, தரவு விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. அரை உயர எல்டிஓ-8 டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் எழுதும். தரவு மெதுவாக வந்தால் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் ஏறத்தாழ 100 மெகாபைட் வரைதான். அதற்கும் கீழே போனால் டிரைவ் நின்று, நாடாவைப் பின்னால் சுற்றி, மறுபடி வேகம் எடுத்து எழுதும். இப்படி முன்னும் பின்னும் இழுபடும்போது நேரமும் வீணாகிறது, தலையும் நாடாவும் தேய்கின்றன.

நம்பகத்தன்மை என்றதும் பலர் நாடாவைச் சந்தேகிக்கிறார்கள். எழுதிய தடத்தை டிரைவ் அப்போதே படித்துப் பார்க்கிறது, பிழை தெரிந்தால் அந்த இடத்திலேயே தள்ளி மறுபடி எழுதுகிறது. அதற்கு மேல் இரண்டு அடுக்கு ரீட்-சாலமன் பிழைதிருத்தக் குறியீடும் உண்டு. திருத்த முடியாத பிழை பத்தின் 19-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்று என்று எல்டிஓ-8க்குக் குறிப்பிடுகிறார்கள். நல்ல ரக ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தக் கணக்கு 15-ஆம் அடுக்குதான். ஆக, ஆபத்து பெரும்பாலும் நாடாவுக்கு வெளியே இருக்கிறது: மெமரியிலோ கேபிளிலோ வழியில் கெட்டுப்போன தரவு, பாதியில் நின்ற மென்பொருள், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம் தொலைந்துபோவது. மூன்று வடிவங்களையும் நான் அளப்பது இந்தக் கடைசி விஷயத்தை வைத்துத்தான்: அந்த விவரம் எங்கே இருக்கிறது, டேப் மட்டும் கையில் கிடைத்த ஒருவரால் அதைப் படிக்க முடியுமா?

டார்

1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த டார், 'டேப் ஆர்க்கைவ்' என்ற பெயருக்கேற்ப டேப்புக்காகவே பிறந்தது. இன்றைக்கும் எந்த லினக்ஸிலும் இருக்கிறது. வடிவம் மிக எளியது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு தலைப்பு, பிறகு கோப்பு, பிறகு அடுத்த தலைப்பு. இருபது வருடம் கழித்து மென்பொருளே கிடைக்காவிட்டாலும் ஒரு நிரலர் ஒரே நாளில் எழுதிவிடக்கூடிய அளவுக்கு எளிமை.

இன்டெக்ஸ் மட்டும் கிடையாது. 12 டெராபைட்டையும் ஒரே டாராக எழுதிவிட்டு, கடைசியில் இருக்கும் ஒரு கோப்பு வேண்டும் என்றால் முதலிலிருந்து படித்துக்கொண்டே போக வேண்டும். முழு வேகத்தில் பதினொரு மணி நேரம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரே டாராக எழுதுவதில்லை. 50 ஜிபி அளவில் பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோப்புக்குறி (இத்தோடு ஒரு பொதி முடிந்தது என்று நாடாவில் வைக்கும் அடையாளம்) வைத்து, எந்தப் பொதியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் டிரைவ் வேண்டிய பொதிக்கு நேரே போய்விடும். ஒரு பொதியை முழுக்கப் படித்தாலும் மூன்று நிமிடத்துக்குள்தான் ஆகும்.

இதில் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் நிறைய. டார் தானாக விட்டால் 10 கிலோபைட் பிளாக்குகளாக எழுதும், இன்றைய டிரைவுக்கு அது மிகச் சிறியது. பிளாக் காரணியை (ஒரு பிளாக்கில் எத்தனை 512 பைட்) 2048 என்று வைத்தால் ஒரு மெகாபைட் ஆகும். அந்த எண்ணைக் கார்ட்ரிட்ஜின் லேபிளிலேயே எழுதிவிடுங்கள். பிறகு படிப்பவர் சிறிய பிளாக் அளவை வைத்துப் படிக்க முயன்றால் பிழைச் செய்தி வரும், டேப் கெட்டுவிட்டது என்றே நினைத்துவிடுவார். சிறு கோப்புகள் அதிகம் இருந்தால் நடுவில் எம்பஃபர் போன்ற ஒரு நிரலை வைத்துச் சில ஜிபி மெமரியில் தேக்கி அனுப்ப வேண்டும்.

டாரின் பெரிய ஓட்டை வேறு. தலைப்புக்கு மட்டும்தான் சரிபார்ப்புத் தொகை (தரவு மாறிவிட்டதா என்று காட்டிக்கொடுக்கும் எண்) உண்டு, கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கிடையாது. உள்ளே ஒரு பிட் மாறியிருந்தாலும் டார் வாய் திறக்காது. அதன் மேல் ஜிசிப் போட்டுச் சுருக்கியிருந்தால் கதை தலைகீழாகும்: ஒரு பிட் கெட்டால் அதற்குப் பிறகு வரும் அத்தனையும் சிக்கலாகிவிடும். டிரைவே சுருக்கிக்கொள்ளும் என்பதால் ஜிசிப்புக்கு இங்கே வேலையில்லை. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்கள் ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்து நிலையின் படியை) அப்படியே ஓடையாக டேப்பில் கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். நீண்ட காலச் சேமிப்புக்கு அது வேண்டாம். ஓடையில் எங்காவது ஒரு பிழை வந்தால் பெறுகிற பக்கம் முழுவதையும் நிராகரித்துவிடும்.

கோப்புக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. குறி எழுதும் ஒவ்வொரு முறையும் டிரைவ் தன் தாங்கலில் (தற்காலிக மெமரியில்) இருப்பதையெல்லாம் நாடாவில் கொட்டி முடித்த பிறகே பதில் சொல்லும். அந்த நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் காஸ்டர் என்ற சேமிப்பு அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று குறிகள் எழுதினார்கள். சிறு கோப்புகள் வந்தபோது பெரிய டிரைவ்கள் தம் வேகத்தில் ஒரு பகுதியைக்கூட எட்டவில்லை. கொட்டி முடிக்கக் காத்திருக்காமல் குறி வைக்கும் வசதி லினக்ஸின் டேப் டிரைவருக்கு 2.6.37 கெர்னலில் வந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. நாடாவோ டிரைவோ எதுவும் மாறவில்லை. எழுதும் முறையை மாற்றியே வேகத்தைப் பிடித்தார்கள். உங்கள் அளவில் இதன் பொருள் எளிது: பொதியைப் பெரிதாக வையுங்கள், குறியைக் குறைவாக வையுங்கள்.

எல்டிஎஃப்எஸ்

2010-இல் எல்டிஓ-5 வந்தபோது நாடாவை இரண்டு பகுதியாகப் பிரிக்கும் வசதி கிடைத்தது. ஐபிஎம் அதைப் பயன்படுத்தி உருவாக்கியதுதான் எல்டிஎஃப்எஸ். சிறிய பகுதியில் இன்டெக்ஸ், பெரிய பகுதியில் தரவு. டேப்பை ஏற்றினால் டெஸ்க்டாப்பில் ஒரு டிஸ்க்கைப் போலத் தெரியும், கோப்புறைகளைத் திறக்கலாம், கோப்பை இழுத்துப் போடலாம். வடிவத்தின் விவரணையைச் சேமிப்பகத் துறையின் கூட்டமைப்பான எஸ்என்ஐஏ பராமரிக்கிறது, 2016-இல் ஐஎஸ்ஓ தரமும் ஆகிவிட்டது. மூல நிரல் திறந்திருக்கிறது. சினிமா, விளம்பரத் துறையில் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு டேப்பைக் கொடுத்தனுப்ப இதைவிட வசதி எதுவுமில்லை. வாங்குகிறவரிடம் என்ன மென்பொருள் இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை.

இன்டெக்ஸ் வெறும் எக்ஸ்எம்எல் உரை. கோப்பின் பெயர், தேதிகள், எந்தப் பிளாக்கில் தொடங்குகிறது, எத்தனை பைட் என்பதெல்லாம் கண்ணால் படிக்கும்படி இருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். மென்பொருள் இல்லாமல் போனாலும் அந்த உரையை வைத்துக் கோப்புகளைப் பிடுங்கி எடுத்துவிடலாம்.

நம்பகத்தன்மையிலும் நன்றாக யோசித்திருக்கிறார்கள். இன்டெக்ஸ் புதுப்பிக்கப்படும்போது பழையது அழிவதில்லை, புதிய பதிப்பு தரவுப் பகுதியின் கடைசியில் சேர்கிறது, ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைச் சுட்டும். மின்சாரம் போய்ப் பாதியில் நின்றால் எல்டிஎஃப்எஸ்சிகே கருவி தரவுப் பகுதியில் கடைசியாக இருக்கும் இன்டெக்ஸைத் தேடி எடுத்துச் சீர்செய்யும். தவறி ஒரு கோப்புறையை அழித்துவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் முடியும். அழித்த கோப்பின் இடம் திரும்பக் கிடைக்காது என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். காப்பகத்துக்கு அது குறையே இல்லை.

சிக்கல் சிறு கோப்புகளில்தான். இன்டெக்ஸில் ஒரு கோப்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஸ்கேன் கோப்புகள் என்றால் இன்டெக்ஸ் மட்டும் ஒரு ஜிபி. டேப்பை ஏற்றும்போது அது முழுவதும் படிக்கப்பட்டு மெமரிக்கு வர வேண்டும். எழுதும்போது இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்டெக்ஸ் முழுவதும் மறுபடி டேப்பில் எழுதப்படும், அத்தனை நேரமும் தரவு காத்திருக்கும். இடம் வீணாவது பெரிதல்ல. ஓட்டம் விட்டு விட்டு நிற்பதுதான் கேடு. கழற்றும்போது மட்டும் இன்டெக்ஸ் எழுதும்படி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நம் ஊர் மின்சாரத்தை நம்பி அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

படிப்பதில் இன்னொரு தொல்லை. டிஸ்க்கைப் போலத் தெரிவதால் எல்லோரும் டிஸ்க்கைப் போலவே பயன்படுத்துகிறார்கள். கோப்புறையைத் திறந்ததும் சிறுபடம் காட்ட முயலும் கோப்பு மேலாளர், டேப்பை மேலும் கீழும் ஓட்டித் தீர்த்துவிடும். பெயர் வரிசையில் பத்தாயிரம் கோப்புகளை நகலெடுக்கச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத் தேடல் என்று வைத்தாலும் எண்பது மணி நேரத்துக்கு மேல். மொத்த டேப்பையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு வேண்டாததைத் தூக்கிப்போட்டால் அதே வேலை பதினொரு மணி நேரத்தில் முடியும். தீர்வு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கப் பிளாக் எண்ணையும் எல்டிஎஃப்எஸ் கூடுதல் பண்பாகக் காட்டுகிறது; அந்த வரிசையில் நகலெடுக்கும் கருவியும் அதோடு வருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்களைத்தான் காணோம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு செய்தி. "கொ" என்பதைக் கணினி இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே கணினிக் குறியாக வைக்கலாம், அல்லது கொம்பு, கால் என்று பிரித்தும் வைக்கலாம். பழைய மேக் கணினிகளில் உருவான பெயர்கள் பிரிந்தே இருக்கும். டார் வந்த பைட்டுகளை அப்படியே எழுதிவிடும். மீட்கும்போது பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கலாம். எல்டிஎஃப்எஸ் விதிப்படி பெயர்கள் சேர்ந்த வடிவத்தில்தான் இன்டெக்ஸில் இருக்க வேண்டும். டாரின் பழைய வடிவத்தில் பெயருக்கான புலம் 100 பைட் மட்டும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வீதம் 33 குறிகளில் அது தீர்ந்துவிடும், மெய்யெழுத்துக்கு இரண்டு குறி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாரின் புதிய வடிவமான பாக்ஸில் எழுதினால் இந்த வம்பு இல்லை.

பேக்கப் மென்பொருள்

பாகுலா, அதிலிருந்து பிரிந்த பேரியோஸ், அமண்டா ஆகியவை திறந்த மூலம். காசு கொடுத்து வாங்குபவையும் பல உண்டு. தினமும் மாறும் தரவை இரவில் பேக்கப் எடுத்து, டேப்புகளைச் சுழற்சியில் விடுகிற அலுவலகத்துக்கு இவைதான் சரி. அந்த வேலையை டாரையும் எல்டிஎஃப்எஸ்ஸையும் வைத்துச் செய்யப் பார்ப்பது வீண் பிடிவாதம். செயல்திறனிலும் இவை முன்னால் நிற்கின்றன. பாகுலா முதலில் தரவை வேகமான டிஸ்க்கில் தேக்கிவைத்து, பிறகு ஒரே மூச்சில் டேப்புக்கு அனுப்பும், சிறு கோப்பு பெரிய கோப்பு என்ற வேறுபாடே டிரைவுக்குத் தெரியாது.

விலை என்ன என்றால், எது எங்கே என்ற விவரம் டேப்புக்கு வெளியே போய்விடுகிறது. பாகுலாவின் கேட்டலாக் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கும். சர்வர் போனால் கேட்டலாக்கும் போகலாம். டேப்புகளைத் தொடக்கம் முதல் படித்துக் கேட்டலாக்கை மறுபடி கட்டும் பிஸ்கேன் என்ற கருவி உண்டு. இருபது டேப் இருந்தால் அது நாட்கணக்கான வேலை. வணிக மென்பொருளாக இருந்தால் உரிமக் கட்டணம் கட்டுவதை நிறுத்திய பிறகு பழைய டேப்பைப் படிக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

அமண்டா இந்த விஷயத்தில் தனித்து நிற்கிறது. 1991-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டேப்பில் ஒவ்வொரு பேக்கப்புக்கும் முன்னால் 32 கிலோபைட் உரைத் தலைப்பை எழுதி, அதற்குப் பின்னால் சாதாரண டாரையே வைக்கிறது. இதை எந்தக் கட்டளையால் மீட்பது என்பதும் அந்தத் தலைப்பிலேயே இருக்கும். மற்றவர்களும் இப்படி எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்குத் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

சுழற்சி பேக்கப் என்றால் மேலே சொன்னதுதான், யோசிக்க வேண்டியதில்லை. கேட்டலாக்கின் நகலைத் தினமும் வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள், போதும்.

எடிட்டிங் கூடம் மாதிரி சில நூறு பெரிய கோப்புகள் என்றால் நேரடியாக எல்டிஎஃப்எஸ். ஒரு கோப்பு ஒரே டேப்பில் அடங்க வேண்டும் என்பது மட்டுமே வரம்பு. 12 டெராபைட்டில் அது இடிக்காது.

நூலகமும் கல்லூரித் துறையும்தான் நடுவில் மாட்டுகின்றன: லட்சக்கணக்கான சிறு கோப்புகள், ஒருமுறை எழுதி எப்போதாவது எடுப்பது, ஐந்து வருடத்தில் அங்கே யார் வேலை பார்ப்பார்கள் என்று தெரியாத நிலை. இவர்களுக்கு நான் சொல்வது இரண்டையும் சேர்ப்பது. கோப்புகளை 20 முதல் 50 ஜிபி அளவிலான சுருக்காத டார் பொதிகளாக முதலில் டிஸ்க்கில் கட்டுங்கள். பெயர் வரிசையில் கட்டாமல், சேர்ந்து கேட்கப்படக்கூடியவை ஒரே பொதியில் இருக்கும்படி கட்டுங்கள்: ஒரு நூல், ஒரு இதழின் ஒரு வருடம், ஒரு சோதனை. அந்தப் பொதிகளை எல்டிஎஃப்எஸ் டேப்பில் வையுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு பொதிக்கும் ஓர் உரைக் கோப்பு, அதில் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரும் எஸ்எச்ஏ-256 முறையில் எடுத்த சரிபார்ப்புத் தொகையும். பத்து லட்சம் கோப்புகள் சில நூறு பொதிகளாகிவிடும், இன்டெக்ஸ் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாலும் டிரைவுக்குத் தெரியாது. டாரில் இல்லாத இன்டெக்ஸை எல்டிஎஃப்எஸ் தருகிறது, இரண்டும் தாமாகச் செய்யாத உள்ளடக்கச் சரிபார்ப்பை அந்த உரைக் கோப்பு தருகிறது.

இதற்கு நஷ்டமும் உண்டு. பொதி கட்ட வேகமான டிஸ்க்கில் தனி இடம் வேண்டும். டேப்பை ஏற்றியதும் ஒரு படத்தைத் திறந்து பார்க்கும் சுகம் போய்விடும், முழுப் பொதியையும் இறக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடக் காத்திருப்பு காப்பகத்துக்கு அதிகமில்லை என்பது என் கருத்து. வாசகர் எதிரே உட்கார்ந்து கேட்கிற இடமாக இருந்தால் அன்றாடம் புழங்கும் படிகளை டிஸ்க்கில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரிபார்ப்புத் தொகையை எப்போது கணக்கிடுவது என்பதில் கவனம் வேண்டும். மூலக் கோப்பு இருக்கும் இடத்தில், பொதி கட்டுவதற்கு முன்பே எடுங்கள். பொதி கட்டிய பிறகு எடுத்தால், கட்டும்போது கெட்ட கோப்பின் கெட்ட தொகையைத்தான் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டிருப்பீர்கள். எல்டிஓ-5 முதலான டிரைவ்களில் பிளாக் அளவிலான பாதுகாப்பு வசதி இருக்கிறது. கணினியிலிருந்து நாடா வரை ஒவ்வொரு பிளாக்கோடும் ஒரு சரிபார்ப்புக் குறி போகும். மென்பொருள் ஆதரித்தால் அதையும் இயக்கிக்கொள்ளலாம். எழுதி முடித்து டேப்பை வெளியே எடுத்து, மறுபடி ஏற்றி, முழுவதும் படித்து ஒப்பிடுங்கள். இன்னொரு டிரைவில் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஒரு டிரைவின் தலை மட்டும் சற்று விலகியிருந்தால் அது எழுதியதை அது மட்டுமே படிக்கும். இரண்டாவது நகல் வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில். நாடாவை 16 முதல் 25 டிகிரி வெப்பத்தில், 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏசியை இரவில் அணைக்கும் அறை இதற்கு ஒத்துவராது.

வடிவம் எதுவானாலும் டிரைவ் தலைமுறைக் கணக்கைத் தவிர்க்க முடியாது. எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை பின்னால் படிக்க முடிந்தது. எல்டிஓ-8 ஒரு தலைமுறை மட்டும். 2025-இல் வந்த எல்டிஓ-10 எல்டிஓ-9 டேப்பையே படிக்காது. எல்டிஓ-8 டேப்புகள் வைத்திருப்பவர் எல்டிஓ-9 டிரைவ் சந்தையில் கிடைக்கும்போதே நகர்த்தத் திட்டமிட வேண்டும். புதிய எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் முதல் முறை ஏற்றும்போது தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் சேருங்கள். பொதிகளாகக் கட்டிய இருபது எல்டிஓ-8 டேப்புகளை டேப்புக்குப் பதினொரு மணி நேரம் வீதம் இரவு பகலாகப் படித்தால் பத்து நாளுக்குள் முடியும். அதே இருபதும் சிறு கோப்புகளாகவே எல்டிஎஃப்எஸ்ஸில் கிடந்து, யாரோ அவற்றைப் பெயர் வரிசையில் நகலெடுக்கத் தொடங்கினால், மாதங்கள் போய்விடும்.